லேபிள் இல்லாத நான்கு பவளப்பாறை நண்டு ஓடுகள்: கார்பிலியஸ்தானா? பரவல் வரைபடத்தில் ஒரு குழப்பமும் உண்டு

ஓட்டுப்பெட்டி (கேள்வி)

வணக்கம். பழைய சேகரிப்பு ஒன்றில் நான்கு உலர்ந்த நண்டுகள் இருக்கின்றன. தனித்தனி லேபிள்கள் உதிர்ந்துவிட்டன. பெட்டியின் மூடியில் மட்டும் "வழுவழு பாறை நண்டு, கார்பிலியஸ்" என்று எழுதியிருக்கிறது. நான்கும் அதே பேரினம்தானா, எந்தெந்த இனம் என்று தெரிய வேண்டும். அகலம் எல்லாமே மேலோட்டின் அகன்ற இடத்தில் வெர்னியர் காலிப்பரால் எடுத்தது.

அ. 84 மி.மீ. வெளிர் பழுப்பு ஓடு, மேலே பெரிய செம்பழுப்பு வட்டங்கள். 9 தெளிவாகத் தெரிகின்றன. பின்விளிம்பில் இன்னும் இரண்டு இருந்திருக்கலாம், மங்கல்.

ஆ. 63 மி.மீ. செங்கல் நிறம், அதன்மேல் ஒழுங்கில்லாத பழுப்புத் திட்டுகள். வட்டம் எதுவும் இல்லை. ஓடு நல்ல மேடு.

இ. 31 மி.மீ. இளஞ்சிவப்பு கலந்த வெள்ளை. மேலே நிறைய சிறு சிவப்புப் பொட்டுகள், இடமும் வலமும் ஒத்திருக்கின்றன. கால்களிலும் பொட்டு உண்டு. கால்கள் மெலிந்து நீண்டவை.

ஈ. 68 மி.மீ. முழுக்க வெளுத்துப்போய்விட்டது. ஓடு வழுவழு. கொடுக்கின் விரல்கள் மட்டும் இன்னும் கறுப்பு.

இன்னொன்று: இணையத்தில் கிடைத்த பதிவுகளை வரைபடத்தில் ஏற்றிப் பார்த்தேன். கார்பிலியஸ் மாக்குலாட்டசுக்கு ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் ஒரு புள்ளி விழுகிறது. கார்பிலியஸ் கோரல்லினசுக்கு அரபிக்கடல் நடுவில் ஒரு புள்ளி. இவற்றை நம்பலாமா?

---

பாசிக்கல்

ஈ-யும் ஆ-வும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. வழுவழு ஓடு, கறுப்பு விரல், வெளுத்துப்போன கார்பிலியஸ் கான்வெக்சஸ். அ சந்தேகமே இல்லாமல் மாக்குலாட்டஸ்.

---

நண்டுவிளிம்பு

அ பற்றிச் சொன்னது சரி. ஈ விஷயத்தில் அவசரம் வேண்டாம். கறுப்பு விரலும் வழுவழு ஓடும் பாறை நண்டுகளில் பாதிக்கு உண்டு. சாந்திடே குடும்பத்து நண்டுகளில் விரலின் கறுப்பு, உடம்பு நிறம் முழுவதும் போன பிறகும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். எனவே வெளுத்த ஓட்டில் கறுப்பு விரல் தெரிந்தால் "இது கார்பிலியஸ் இல்லாமலும் இருக்கலாம்" என்று சந்தேகப்படத்தான் அது காரணம்.

நிறத்தைத் தொடாமல், முதலில் வடிவத்தை வைத்துப் பேரினத்தை உறுதிசெய்யுங்கள். கார்பிலியஸ் என்றால் இவை ஒன்றுசேர இருக்க வேண்டும்:

கண்ணில் தொடங்கி ஓட்டின் பக்க மூலை வரை ஓடும் முன்பக்க விளிம்பைக் கட்டைவிரலால் தடவுங்கள். கார்பிலியசில் அது தடித்து, உருண்டு, தடங்கலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். கடைசியில், ஓடு அகன்றிருக்கும் மூலையில், மழுங்கிய ஒரே ஒரு புடைப்பு தட்டுப்படும். வழியில் இரண்டு, மூன்று, நான்கு மடல்கள் தட்டுப்பட்டால் அது கார்பிலியஸ் அல்ல. விளிம்பு கத்தி முனைபோல மெலிந்து மேடு கட்டியிருந்தாலும் அல்ல. பத்து விநாடிச் சோதனை இது, ஆனால் பாதி தவறுகள் இங்கேயே நின்றுவிடும்.

அடுத்து ஓட்டின் மேல்பரப்பு. பல நண்டுகளின் ஓட்டில் வயிறு, செவுள், இதயம் ஆகியவற்றுக்கு மேலே பள்ளக் கோடுகள் ஓடி வட்டாரங்களாகப் பிரித்திருக்கும். கார்பிலியசில் அந்தப் பிரிவினை கிடையாது. முன்னும் பின்னும் இடமும் வலமும் சரியும் ஒரே மேடு, கவிழ்த்த கிண்ணம்போல. குருணை இல்லை, மயிர் இல்லை. சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் பள்ளம் இருக்கிறதா என்பது தெரியும், நேர் வெளிச்சத்தில் தெரியாது.

பிறகு கொடுக்குகள். இரண்டும் சமம் இல்லை, பெரும்பாலும் வலப்பக்கம் பெரிது. பெரிய கொடுக்கின் அசையும் விரலைத் திறந்து அடிப்பகுதியைப் பாருங்கள், கடைவாய்ப்பல் போன்ற பெரிய மொட்டைப் பல் ஒன்று நிற்கும். நத்தை ஓட்டை நொறுக்குவது அதுதான். விரல் நுனி கரண்டிபோலக் குழிந்திருந்தால் வேறு நண்டு. எட்டிசஸ் வகையறாவுக்கு அந்தக் கரண்டி உண்டு, பாசியைச் சுரண்டி உண்ணும் வேலைக்கு.

கடைசியாக நடைக்கால்கள்: உருண்டை, வழுவழு, மேல்விளிம்பில் சேவல் கொண்டைபோன்ற மேடு இல்லை.

இந்த நான்கும் பொருந்தினால்தான் நிறத்துக்குப் போக வேண்டும். இன்று உயிரோடு இருக்கும் கார்பிலியஸ் இனங்கள் மூன்றுதான் என்பதால் அதன்பின் வேலை சுலபம்.

மாக்குலாட்டஸ்: வெளிர் பழுப்பு முதல் வெண்பழுப்பு வரை உள்ள ஓட்டில் பெரிய செந்நிற வட்டங்கள். ஒவ்வொரு கண்ணின் பின்னும் இரண்டு, ஓட்டின் நடுவே குறுக்காக மூன்று, பின்பக்கம் இரண்டு அல்லது நான்கு. கூட்டினால் 9 அல்லது 11. ஆகவே உங்கள் "9 தெளிவு, 2 மங்கல்" கணக்குக்குள்தான் இருக்கிறது. எண்ணிக்கையைவிட வட்டங்களின் அளவையும் அவை நிற்கும் இடத்தையும் நம்புங்கள். நடுவில் குறுக்காக நிற்கும் மூன்றும்தான் பெரும்பாலும் சட்டென்று கண்ணில் படும். கண்களுக்கு நடுவே நெற்றி விளிம்பில் நான்கு மழுங்கிய மடல்களும் உண்டு.

கான்வெக்சஸ்: வட்டமே இல்லை. மஞ்சள் கலந்த பழுப்பிலிருந்து செங்கல் சிவப்பு வரை மாறும் அடிநிறம், அதன்மேல் பளிங்குக்கல்லில் ஓடும் கறைபோன்ற திட்டுகள். ஒரே பாறையில் எடுத்த இரண்டு நண்டுகளே நிறத்தில் கணிசமாக வேறுபடும். அதனால் "சரியான நிறம்" தேடி அலைய வேண்டாம். பொதுவாக மாக்குலாட்டசைவிடச் சிறியது.

கோரல்லினஸ்: சிவப்பு ஓட்டில் வெள்ளையும் மஞ்சளும் கலந்த சிறு புள்ளிகள், மெல்லிய வளைகோடுகள். உருவத்தில் பெரியது, மேலோடு 15 செ.மீ. அகலம் வரை வளரும். அட்லாண்டிக் பக்கத்து இனம்.

இந்த வரிசைப்படி அ மாக்குலாட்டஸ். ஆ, விளிம்புச் சோதனையில் தேறினால் கான்வெக்சஸ். இ கார்பிலியஸ் இல்லை, விளிம்பைத் தொடாமலே சொல்லலாம்: மெலிந்த நீண்ட கால், காலிலும் பொட்டு, 31 மி.மீ. உருவம். லியாகோரே ருப்ரோமாக்குலாட்டாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரே "செம்பொட்டு" என்றுதான் பொருள் தருகிறது. அது சாந்திடே குடும்பம், பவளப்பாறையைவிட மணலும் சிப்பித் துகளும் கலந்த அடித்தளத்தில் அதிகம் கிடைக்கும்.

ஈ-யின் விளிம்பைத் தடவிவிட்டு எழுதுங்கள்.

---

ஓட்டுப்பெட்டி

மிக்க நன்றி. தடவிப் பார்த்தேன். ஆ: தடையில்லாமல் வழுக்குகிறது, மூலையில் ஒரு மழுங்கல் புடைப்பு. பெரிய கொடுக்கில் கடைவாய்ப்பல் இருக்கிறது.

ஈ: கண்ணுக்குப் பின்னாலிருந்து மூலை வரை ஆழமில்லாத நான்கு மடல்கள். ஓரம் மெலிந்து கூராக இருக்கிறது. நடைக்கால்களின் மேல்விளிம்பிலும் மெல்லிய மேடு. முதல் பார்வையில் இது எதுவும் கண்ணில் படவில்லை.

---

நண்டுவிளிம்பு

அப்படியானால் ஈ கார்பிலியஸ் அல்ல. நான்கு மடல், கூர் ஓரம், காலில் மேடு, வழுவழு ஓடு, கறுப்பு விரல்: லோஃபோசோசிமஸ் பக்கம் போகிறது. உயிரோடு இருக்கும்போது லோஃபோசோசிமஸ் பிக்டர் செம்மஞ்சளும் வெள்ளையும் கலந்த மொசைக் கல்போல இருக்கும். நிறம் போன ஓட்டில் அது தெரியாது என்பதால் "லோஃபோசோசிமஸ், இனம் உறுதியில்லை" என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லேபிளில் இனப்பெயர் இல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை. தவறான இனப்பெயர் ஏறினால் அடுத்து வருபவர் அதை அப்படியே நகலெடுப்பார்.

வெளுத்த கார்பிலியஸ் கிடைத்தாலும் இதே விதிதான். மாக்குலாட்டசையும் கான்வெக்சசையும் பிரிப்பதில் பெரும்பங்கு நிறத்துக்கே. நிறம் இல்லையென்றால் "கார்பிலியஸ்" என்பதோடு நில்லுங்கள். கட்டாயம் இனம் வேண்டும் என்றால் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்: காலின் உள்ளே காய்ந்த தசை சிறிதளவு கிடைத்தால் மரபணு எடுத்துப் பார்க்கலாம். புதிய மாதிரி என்றால் ஒரு காலின் தசையை 95 சதவீத எத்தனாலில் தனியாக வைத்துவிடுங்கள். ஃபார்மலினில் ஊறிய தசையிலிருந்து மரபணு எடுப்பது பெரும்பாடு.

---

உப்பங்காற்று

ஈ லோஃபோசோசிமஸ் என்றால் ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். இந்த இழையைப் படிக்கும் சிலர் ஓட்டுக்காக இல்லாமல் நண்டுக்காகவே வந்திருப்பார்கள்.

வழுவழுப்பான, அழகான, கறுப்பு விரல் கொண்ட பாறை நண்டுகளுக்குள்தான் உலகின் மிக நச்சுள்ள நண்டுகள் இருக்கின்றன. சோசிமஸ் ஏனியஸ், அடெர்காடிஸ் ஃப்ளோரிடஸ், பிளாட்டிபோடியா கிரானுலோசா ஆகிய மூன்றின் நச்சுத்தன்மை 1960களின் இறுதியில் ஜப்பானின் ரியூக்யூ தீவுகளில் நடந்த ஆய்வுகளில் விரிவாக வெளிவந்தது. சாக்ஸிடாக்சின், டெட்ரோடோடாக்சின் இரண்டும் இவ்வகை நண்டுகளில் கிடைத்திருக்கின்றன. இரண்டுமே நரம்பின் சோடியம் வாயில்களை அடைப்பவை. உதடும் நாக்கும் மரத்துப்போவதில் தொடங்கி, கைகால் தளர்ந்து, மூச்சுத் தசைகள் நிற்கும் வரை போகும். முறிமருந்து கிடையாது. மூச்சைச் செயற்கையாக நடத்திக்கொண்டே நச்சு வெளியேறும் வரை காத்திருப்பதுதான் வைத்தியம். லோஃபோசோசிமஸ் பிக்டரிலும் டெமானியா நண்டுகளிலும் கிடைத்த பாலிடாக்சின் வேறு வகை, இதயத்தையும் தசையையும் தாக்கும்.

வேகவைத்தால் போய்விடும் என்பது தவறு. சமையல் சூடு இந்த நச்சுகளை அழிப்பதில்லை. கொதித்த நீரிலும் இறங்கிவிடும். கொடுக்குச் சதை மட்டும் தின்றால் பரவாயில்லை என்பதும் தவறு, சோசிமசின் கொடுக்குச் சதையிலும் ஓட்டிலும்கூட நச்சு உண்டு.

இதில் ஏமாற்றும் விஷயம், நச்சின் அளவு நண்டுக்கு நண்டு, பாறைக்குப் பாறை மாறுவது. ஒரே திட்டில் ஒன்று கடும் நச்சு, பக்கத்தில் இருப்பதில் ஏறக்குறைய இல்லை. காரணம் உணவு வழியில் இருக்கலாம்: ரியூக்யூ தீவுக்கூட்டத்து இஷிகாகியில், நண்டுகள் மேயும் ஜானியா என்ற சுண்ணப் பாசியிலேயே சாக்ஸிடாக்சின் வகை நச்சு கண்டறியப்பட்டது. எனவே "போன முறை ஒன்றும் ஆகவில்லை" என்பது சான்றே அல்ல.

கார்பிலியசைப் பல தீவுகளில் உண்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் மேலே நடந்ததைப் பாருங்கள்: பெட்டி மூடியில் கார்பிலியஸ், பதிலிலும் கார்பிலியஸ், கடைசியில் நச்சு நண்டு. கையில் இருக்கும் ஓட்டிலேயே இப்படி என்றால் இரவில், ஈரத்தில், டார்ச் வெளிச்சத்தில் என்ன ஆகும்? பாறை நண்டைப் படம் பார்த்து இனம் கண்டு தின்னாதீர்கள்.

கண்ணை ஏமாற்றும் நண்டுகள் சில:

சோசிமஸ் ஏனியஸ்: ஓடு முழுக்க ஆழமான பள்ளம், மேடு. வெளிர் நிறத்தில் செம்பழுப்புத் திட்டுகள். காலில் கொண்டை மேடு. தொட்டால் கார்பிலியசோடு குழம்பவே முடியாது. குழப்பம் எல்லாம் தூரத்துப் படத்தில்தான், திட்டுகளை "பெரிய சிவப்புப் புள்ளி" என்று எண்ணிவிடுவார்கள்.

அடெர்காடிஸ் ஃப்ளோரிடஸ்: இதுதான் உண்மையான ஆபத்து. ஓடு வழுவழு, நீள்வட்டம். பச்சை கலந்த பழுப்பு அல்லது நீலம் படர்ந்த நிறத்தில் வெண்ணிறச் சரிகை வலை. ஓரம் கூர்.

எரிஃபியா செபானா: சிவந்த கண்கள். பக்க விளிம்பில் பற்கள். இதிலும் சில இடங்களில் நச்சு பதிவாகியிருக்கிறது.

டிராபெசியா ருஃபோபங்க்டாட்டா: வெளிர் உடலில் நிறைய சிவப்புப் பொட்டு. ஆனால் இரண்டு செ.மீ.க்கும் குறைவு, கிளைப் பவளத்தின் கிளைகளுக்குள் இருந்து வெளியே வராது.

நியோபெட்ரோலிஸ்தஸ் மாக்குலாட்டஸ்: பெயரில் மாக்குலாட்டஸ் இருப்பதால் தேடலில் கலந்துவிடும். இது உண்மையான நண்டே இல்லை, பீங்கான் நண்டு. கடல் சாமந்தியின் மேல் உட்கார்ந்து விசிறிபோன்ற வாயுறுப்பால் நீரை வடிகட்டும். நடைக்கால் மூன்று சோடிதான் வெளியே தெரியும், உண்மை நண்டுக்கு நான்கு.

---

பாசிக்கல்

என் பதிலைத் திரும்பப் பெறுகிறேன். விளிம்பைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஒரு சந்தேகம்: உலர்ந்த ஓட்டின் நிறத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஆ-வின் செங்கல் நிறம் முதலிலிருந்தே இருந்ததா, வேகவைத்துச் சிவந்ததா?

---

நண்டுவிளிம்பு

நல்ல கேள்வி. நண்டு ஓட்டின் சிவப்பு நிறமி அஸ்டாக்சாந்தின். உயிருள்ள ஓட்டில் அது புரதத்தோடு பிணைந்திருக்கும்போது நீலம், பச்சை, பழுப்பு என்று தெரியும். சூட்டிலோ ஆல்கஹாலிலோ புரதம் சிதைந்தால் நிறமி விடுபட்டுச் சிவப்பாகும். ஆல்கஹாலிலேயே நீண்டநாள் கிடந்தால் அந்தச் சிவப்பும் கரைந்து வெளுக்கும். வெயில் பட்டாலும் வெளுக்கும்.

பார்ப்பதற்கு ஒரு வழி: வெந்து சிவந்த ஓட்டில் சிவப்பு சீராகப் பரவி, கால் மூட்டு வரைக்கும் ஒரே சாயலாக இருக்கும். ஆ-வில் திட்டுகள் இன்னும் தனித்துத் தெரிகின்றன என்றால் நிறத்தில் ஓரளவாவது இயற்கை மிச்சம் இருக்கிறது.

அதைவிட அடிக்கடி நடப்பது வார்னிஷ். பழைய சேகரிப்பாளர்கள் உலர்ந்த நண்டுக்கு வார்னிஷ் பூசுவார்கள். நாளாக அது மஞ்சளித்து வெள்ளையைப் பழுப்பாகக் காட்டும். வெளிர் மாக்குலாட்டஸ் கறுத்து, மங்கிய வட்டங்கள் மறைந்து கான்வெக்சஸ்போல ஆகிவிடும். வயிற்றுப்பக்கம் மறைவான இடத்தில், ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒரு துளி தேய்த்துப் பாருங்கள். பஞ்சு மஞ்சளானால் வார்னிஷ், சிவப்போ ஆரஞ்சோ ஆனால் நிறமியே கரைகிறது என்று பொருள், உடனே நிறுத்துங்கள்.

ஓட்டின் மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல மாவு படிந்திருந்தால் அமிலம் கடித்திருக்கிறது. நடுநிலைப்படுத்தாத ஃபார்மலின் அப்படித்தான் சுண்ணத்தைத் தின்னும். ஈ வெளுத்ததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். அந்த மாதிரி ஓட்டில் குருணை இருந்திருந்தாலும் தேய்ந்துபோயிருக்கும் என்பதால் "வழுவழு" என்ற குறிப்பை நம்ப வேண்டாம். விளிம்பு மடல் தேய்வதில்லை.

---

வரைபடக்காரன்

நிறத்தை விட்டுவிட்டு இடத்துக்கு வருகிறேன்.

கினி வளைகுடாவில் விழுந்த புள்ளியின் ஆயத்தொலைவு என்ன என்று பாருங்கள். 0, 0 என்று இருக்கும். நிலநடுக்கோடும் கிரீன்விச் கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் அந்த வளைகுடாவின் கடல்தான். இடம் தெரியாத பதிவில் கட்டத்தைக் காலியாக விடாமல் யாரோ சுழியம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். உலகின் எந்த உயிரினத்தின் வரைபடத்திலும் அந்தப் புள்ளி தலைகாட்டும்.

அரபிக்கடல் புள்ளியில் கழித்தல் குறி தொலைந்திருக்கும். கரீபியக் கடலில் வடக்கு 18, மேற்கு 65 என்ற இடத்தைக் கணினியில் 18, -65 என்று எழுத வேண்டும். -65 வெறும் 65 ஆனால் கிழக்கு 65, நேராக அரபிக்கடலின் நடுவில் போய் விழும். அங்கே ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம், ஆழமற்ற பாறையில் வாழும் நண்டு இருக்க வழியில்லை. எனவே சந்தேகப் புள்ளிக்கு முதல் சோதனை, ஆழ வரைபடத்தை அடியில் விரிப்பது. இரண்டாவது, குறியை மாற்றிப் போட்டுப் பார்ப்பது. பொருத்தமான தீவின் கரையில் போய் உட்கார்ந்தால் பிழை அதுதான்.

இவ்வளவு பளிச்சென்று தெரியாத பிழை ஒன்று உண்டு: 10 பாகை 45 கலையை 10.45 என்று எழுதுவது. சரியானது 10.75, ஏனென்றால் ஒரு பாகைக்கு 60 கலை. வித்தியாசம் 0.30 பாகை, அட்சத்தில் ஏறக்குறைய 33 கி.மீ. புள்ளி கடலிலேயே நிற்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தசமத்துக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கம் ஒரு தொகுப்பு முழுவதும் 60-ஐத் தாண்டவே இல்லை என்றால் இந்தப் பிழையைத் தேடுங்கள்.

இனி உண்மையான பரவல்.

மாக்குலாட்டசும் கான்வெக்சசும் இந்தோ-பசிபிக் முழுவதும் சேர்ந்தே பரவியவை. செங்கடலும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையும் மேற்கு எல்லை. அங்கிருந்து மடகாஸ்கர், இந்தியப் பெருங்கடல் தீவுகள், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வழியாக வடக்கே தென் ஜப்பான், தெற்கே ஆஸ்திரேலியாவின் வெப்பக் கரைகள், கிழக்கே ஹவாய், பிரெஞ்சு பாலினேசியா வரை. ஹவாயில் மாக்குலாட்டசுக்கு அலகுமா என்று சொந்தப் பெயரே உண்டு. கோரல்லினஸ் மட்டும் மேற்கு அட்லாண்டிக்: புளோரிடா, பஹாமாஸ், கரீபியத் தீவுகள், தெற்கே பிரேசில்.

எதனால் இப்படி? நண்டின் குஞ்சுகள் மிதவை உயிராகக் கடல் நீரோட்டத்தில் போகும். சோயியா என்ற முள்முகப் பருவங்கள், பிறகு மெகலோபா, அதன்பின்தான் அடியில் இறங்கும். வழியில் இறங்கத் தீவும் பாறையும் இருந்தால் தலைமுறை தலைமுறையாகத் தாவிக்கொண்டே போகலாம். இந்தியப் பெருங்கடலிலிருந்து பாலினேசியா வரை அப்படிப் படிக்கட்டுகள் இருக்கின்றன. அதற்குக் கிழக்கே அமெரிக்கக் கரை வரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வெறும் ஆழ்கடல், மிகச் சில உயிர்களே தாண்டுகின்றன. இந்தப் பக்கம் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி அட்லாண்டிக்குள் போகலாமென்றால், தென்மேற்குக் கரையில் பெங்குவேலா நீரோட்டத்தின் குளிர்ந்த நீர் வெப்ப உயிர்களுக்குச் சுவர். அட்லாண்டிக்குக்கும் பசிபிக்குக்கும் நடுவே இருந்த பனாமா வழியும் ஏறக்குறைய 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மூடிக்கொண்டது.

ஆகவே மாக்குலாட்டசுக்கு அட்லாண்டிக் பதிவோ, கோரல்லினசுக்கு இந்தோ-பசிபிக் பதிவோ வந்தால் அடையாளம் தவறு, அல்லது எண் தவறு, அல்லது கப்பலிலும் அலங்கார மீன்தொட்டி வணிகத்திலும் வந்தது. இந்த வரிசையில் சோதியுங்கள். மூன்றாவதற்கு முதலில் தாவுகிறவர்கள் அதிகம்.

ஆனால் இடத்தை வைத்து இனத்தை முடிவு செய்யாதீர்கள். இடம் சரிபார்க்கத்தான். மாக்குலாட்டசையும் கான்வெக்சசையும் இடத்தால் பிரிக்கவே முடியாது, இரண்டும் ஒரே பாறையில் கிடைக்கும்.

---

ஓட்டுப்பெட்டி

கினிப் புள்ளி 0, 0 தான். கோரல்லினஸ் புள்ளி 17.9, 64.8. குறியை மாற்றினால் கரீபியத் தீவுகளுக்குப் பக்கத்தில் விழுகிறது. நன்றி.

இன்னும் இரண்டு. மூடியின் உட்பக்கம் "கார்பிலியஸ் கான்வெக்சஸ், ஃபோர்ஸ்கால் 1775" என்று மங்கலாகத் தெரிகிறது. ஃபோர்ஸ்கால்தான் சேகரித்தவரா? மேலும், புதிய பதிவுக்குப் படம் எடுக்க எந்தெந்தக் கோணம் வேண்டும்?

---

நண்டுவிளிம்பு

பெயருக்குப் பின்னால் வருவது அந்த இனத்தை முதலில் விவரித்தவரும் ஆண்டும், சேகரித்தவர் அல்ல. ஃபோர்ஸ்கால் 1763-இல் ஏமனில் இறந்துபோனார். உடன் சென்ற நீபூர் அவர் குறிப்புகளை 1775-இல் வெளியிட்டார், அதனால் அந்த ஆண்டு. அவர் விவரித்தபோது பேரினம் கான்சர். பிறகு கார்பிலியசுக்கு மாறியதால் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும்: (ஃபோர்ஸ்கால், 1775). மாக்குலாட்டசுக்கு (லின்னேயஸ், 1758), கோரல்லினசுக்கு (ஹெர்ப்ஸ்ட், 1783). அடைப்புக்குறி அலங்காரம் இல்லை, பேரினம் மாறியதற்கான குறி.

---

உப்பங்காற்று

படங்கள் நான்கு போதும், ஆனால் நான்கும் வேண்டும்.

நேர் மேலிருந்து ஒன்று. அளவுகோலை மேசையில் வைக்காதீர்கள். இந்த ஓடு உயரமான மேடு, அகன்ற விளிம்பு மேசைக்கு மேலே நிற்கிறது. தாழ இருக்கும் அளவுகோல் கேமராவுக்குச் சிறிதாகத் தெரியும், நண்டின் அகலம் கூடிவிடும். ஓட்டின் அகன்ற விளிம்பு நிற்கும் உயரத்துக்கே அளவுகோலைத் தூக்கி வையுங்கள், ஒரு அழிப்பான் போதும்.

கண் மட்டத்தில் நேர் முன்னிருந்து ஒன்று: நெற்றி மடல்கள், கண்குழி. கொடுக்கு இரண்டும் வெளிப்பக்கம் தெரிய, விரல் திறந்தபடி ஒன்று: கடைவாய்ப்பல் தெரிய வேண்டும். கவிழ்த்து வயிற்றுப்பக்கம் ஒன்று: மடிந்த வயிறு குறுகலானால் ஆண், அகன்று வட்டமானால் பெண்.

நேர் ஃபிளாஷ் வேண்டாம். வழுவழு ஓட்டில் விழும் பளபளப்பு வெள்ளைப் புள்ளிபோலவே பதிவாகும், அதைப் பார்த்து கோரல்லினஸ் என்று பெயர் வைத்த படங்கள் இணையத்தில் உண்டு. வெள்ளைத் துணி வழியாக வரும் ஜன்னல் வெளிச்சம் நல்லது.

நீருக்கடியில் எடுத்தால் நிலைமை தலைகீழ், வெளிச்சம் கட்டாயம். சிவப்பை நீர் முதலில் விழுங்கிவிடும். பத்து மீட்டர் ஆழத்தில் டார்ச் இல்லாமல் எடுத்தால் மாக்குலாட்டசின் செவ்வட்டங்கள் கறுப்புத் திட்டாக வரும். பகலில் பாறை இடுக்கில் பதுங்கி, இரவில்தான் வெளியே வரும், எனவே டார்ச் எப்படியும் கையில் இருக்கும். மெதுவான நண்டு, ஓடி ஒளியாது. அதற்காகக் கையால் எடுக்க வேண்டாம். தடித்த நத்தை ஓடுகளை நொறுக்கும் கொடுக்கு அது, விரல் பொருட்டே அல்ல. கல்லைப் புரட்டினால் அதே பக்கம் மேலே வரும்படி திருப்பி வைத்துவிடுங்கள், அடிப்பக்கத்து உயிர்கள் வெயிலில் சாகும்.

---

வரைபடக்காரன்

அதோடு எழுத வேண்டியவை: தேதி, நேரம், ஆழம் மீட்டரில், அடித்தளம் (உயிர்ப்பவளம், செத்த பவளத் துண்டு, மணல்), தசமப் பாகையில் நான்கு இலக்கம் வரை இடம். நான்கு இலக்கம் என்றால் ஏறக்குறைய 11 மீட்டர் நுணுக்கம். அதற்கு மேல் எழுதினால் இல்லாத துல்லியத்தைக் காட்டுவதாகும். பழைய ஓடுகளுக்கு இடம் தெரியாது, அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். சுழியம் போட்டுவிடாதீர்கள்.

---

ஓட்டுப்பெட்டி

புதிய லேபிள்கள் இப்படி எழுதியிருக்கிறேன், தவறிருந்தால் சொல்லுங்கள்.

அ: கார்பிலியஸ் மாக்குலாட்டஸ் (லின்னேயஸ், 1758). 84 மி.மீ. இடம்: காலி.
ஆ: கார்பிலியஸ் கான்வெக்சஸ் (ஃபோர்ஸ்கால், 1775). 63 மி.மீ. வார்னிஷ் இல்லை, பஞ்சில் லேசான ஆரஞ்சு வந்ததும் நிறுத்திவிட்டேன். இடம்: காலி.
இ: லியாகோரே, ருப்ரோமாக்குலாட்டாவோடு ஒப்பிட வேண்டும். 31 மி.மீ. இடம்: காலி.
ஈ: லோஃபோசோசிமஸ், இனம் உறுதியில்லை. 68 மி.மீ. வெளுத்தது. இடம்: காலி.

---

நண்டுவிளிம்பு

சரியாக இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அடையாளம் கண்ட தேதியையும், எந்த அடையாளத்தை வைத்து முடிவு செய்தீர்கள் என்பதையும் ஒரு வரி சேருங்கள்: "விளிம்பில் நான்கு மடல், கால்மேடு" என்பதுபோல. பழைய மூடியைத் தூக்கி எறியாதீர்கள், பெட்டியோடேயே இருக்கட்டும்.